ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டரும் வேலப்பன்சாவடியும்

செங்கல்வராயனுக்கு விமானத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. வேலப்பன்சாவடியில் சிமென்ட் கடை வைத்திருப்பவர். ஏழு வருடத்துக்கு முன்னால், மூட்டை அதிகம் விற்ற கடைக்காரர்களைக் கம்பெனிக்காரர்கள் நாலு நாள் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனார்கள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தை அவர் ஏழு வருடமாகத் தரையில் செலவழித்துக்கொண்டிருந்தார். இன்னும் தீரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மேனாம்பேட்டில் அவருடைய தங்கை நாகவல்லியின் வீட்டு வாசலில் பத்துப் பதினொரு பேர் கூடியிருந்தார்கள். நாகவல்லியின் மகள் சுவேதா ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற ஊருக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். மதியம் மூன்று பத்துக்கு விமானம். துபாயில் இறங்கி மாற வேண்டும். இரண்டு பத்துக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். டிக்கெட் எடுத்துத் தந்தது அந்த ஊர் ஆஸ்பத்திரி. தேதியை மாற்ற முடியாது. திங்கட்கிழமை காலை வந்து சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்காகச் சுவேதா இரண்டு வருடம் ஜெர்மன் படித்தாள். நாகவல்லி இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்தாள்.

பத்து மணிக்குக் கிளம்பிவிடலாம் என்பது நாகவல்லியின் கணக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சுக்குப் பித்தளைத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை. காலையில் மூன்று நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போய்விடும் இடம் அது. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எத்தனை நிமிடம் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அண்ணன் ஏற்பாடு செய்த வேன் வந்தபோது மணி பத்து இருபது. அவ்வளவு நேரம் வேன் எங்கே இருந்தது என்றால், தெருமுனையில். ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாகவல்லி போய்ப் பார்த்தாள். எட்டடி அகலம். நடுவில் செங்கல்வராயன், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பியிருந்தார். அவர் தலையிலிருந்து ஒரு விமானம் புறப்பட்டுப் போனது. ‘7,600 கி.மீ. பறந்து சென்று ஜெர்மனியைக் குணப்படுத்தப் போகும் எங்கள் மருமகளே, வருக வருக!’ போகிறவளுக்கு எதற்கு ‘வருக’ என்று கேட்பாரில்லை. கீழ் மூலையில், போன மாதம் பிடித்த பாஸ்போர்ட் சைஸ் படத்தில் சுவேதா விழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ‘வாழ்த்தும் தாய்மாமன்’. அதற்குக் கீழே, அவர் தலைவராக இருக்கும் நலச் சங்கத்தின் பொறுப்பாளர்கள் ஒன்பது பேரின் பெயர். பெற்றவள் பெயர் எங்கேயும் இல்லை. ஃபிளெக்ஸ் அடித்த கடைக்காரர் கூட ஒரு மூலையில் தன் செல் நம்பரைப் போட்டிருந்தார்.

நாகவல்லி திரும்பி வந்து, “பெட்டிய ஏத்து, சுவேதா” என்றாள்.

“ஏத்தலாம், ஏத்தலாம். இன்னா அவசரம்?” செங்கல்வராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். “பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். இப்ப பொட்டி ஏத்தறதுக்குள்ள பொறந்துடும். பன்னெண்டு அஞ்சுக்கு எடுத்தா போதும்.”

“பன்னெண்டு அஞ்சா?”

“ஏய், மூணு பத்துக்குத்தானே பிளேனு? நல்லா கேட்டுக்கோ.” அவர் எல்லோரும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். “சென்னைக்கும் ஹாம்பர்க்குக்கும் நேர்கோட்டுல ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். துபாய் வழியா சுத்தினா ஏழாயிரத்து எண்ணூறு. ஆகாசத்துல மட்டும் பதினோரு மணி நேரம். ஆனா அங்க கடிகாரம் நம்மளுக்கு மூணரை மணி நேரம் பின்னாடி ஓடுது. அப்போ இன்னா ஆச்சு? மூணரை மணி நேரம் நம்ம கையில கீது.”

கூட்டம் தலையாட்டியது. எதிர்வீட்டுச் சொர்ணம், “அடேங்கப்பா!” என்றாள்.

“அது மட்டுமில்ல. பூமி மேற்கிலேருந்து கிழக்க சுத்துது. நம்ம பிளேன் மேற்கால போவுது. அதாவது ஊரே எதிர்ல வருது. மேல போய் சும்மா நின்னாலே ஜெர்மனி தானா வந்துடும். நான் சிங்கப்பூர் போறப்ப பைலட்டு...”

“இங்கேருந்து ஏர்போர்ட்டுக்கு எவ்ளோ நேரம்ணா?” என்று நாகவல்லி கேட்டாள்.

“அது இன்னா, இதோ பக்கத்துலதானே!” செங்கல்வராயன் கையை விமான நிலையம் இல்லாத பக்கமாக வீசினார்.

ராகு காலம் பார்ப்பவள்தான் நாகவல்லியும். ஆனால் ஷிப்ட் நேரத்தில் பார்த்ததில்லை. “ராகு காலமோ கேது காலமோ, நாங்க இப்ப கெளம்பறோம். சுவேதா, பாஸ்போர்ட்டு பையில கீதா பாரு.”

சுவேதா பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

“ம்மா... பாஸ்போர்ட்டு மாமா ஊட்டுல கீதும்மா.”

“இன்னாது?”

விஷயம் முந்தின நாள் நடந்தது. நாகவல்லி ஷிப்டில் இருந்தபோது செங்கல்வராயன் வந்திருக்கிறார். செல்போனில் அவர் பார்க்கும் ஜோசியர் ஒருவர் பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் சொல்லியிருந்தார். பயண நாள் சரியில்லை என்றால், நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அந்தக் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக எவரும் பரஸ்தானம் வைத்தது கிடையாது. அவர்கள் செய்த பயணமெல்லாம் அடுத்தவன் வயலுக்கு நாற்று நட விடியலில் போனது. அதற்கு நாள் பார்த்தால் கூலி கிடைக்காது. சுவேதா கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். மாமா வேண்டாம் என்றார். “எது இல்லாம பிரயாணம் நடக்காதோ, அதத்தான் வெக்கணும்.” மாமாவிடம் மறுத்துப் பேசிப் பழகாத பெண் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லப் பயந்து இரவு முழுக்கப் புரண்டாள்.

“பூஜை ரூம்ல பத்திரமா கீது. போற வழிதானே? உங்கண்ணி ராணி ஆரத்தி கரைச்சி வெச்சிகினு நிப்பா. வாங்கிகினு போயிகினே இருக்கலாம்” என்றார் செங்கல்வராயன்.

“சாவியக் குடு. நான் போய் எடுத்துக்கறேன்.”

“ராகு காலத்துல பூஜை ரூம தொறக்கச் சொல்றியா?” அவர் இடுப்பைத் தொட்டுக்கொண்டார். வேட்டி மடிப்பில் சாவிக்கொத்து. சிங்கப்பூரில் வாங்கியது, அதன் நுனியில் ஒரு சின்ன வெள்ளி விமானம் தொங்கியது. “நைனா செத்த பெறகு ஒனக்கு நல்லது கெட்டது பாத்தவன் நானு. இன்னிக்கி இந்த நாலு பேர் எதிர்ல நீ எனக்கு நேரம் சொல்லிக் குடுக்கிறியா?”

நாலு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவன் போண்டா கேட்டான்.

மணி பத்து நாற்பது. நலச் சங்கப் பொருளாளர் ஹேமநாதன் மாலை வாங்கிவந்து காட்டினார். செங்கல்வராயன் எழுந்து, மாலையின் நீளத்தைத் தன் கழுத்தில் வைத்துச் சரிபார்த்தார். பிறகு எல்லோரையும் ஃபிளெக்ஸுக்குக் கீழே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று தெருமுனைக்கு நடத்திக்கொண்டு போனார்.

நாகவல்லி வேன் பக்கம் வந்தாள். டிரைவர் ஜீவா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். திருமுல்லைவாயில் பையன், முப்பது வயது இருக்கும், ஏர்போர்ட் டிரிப்பே அவனுக்குப் பிழைப்பு.

“தம்பி, பன்னெண்டு அஞ்சுக்கு எடுத்தா எத்தினி மணிக்குப் போய் சேருவ?”

ஜீவா சிரித்தான். “யக்கா, வெள்ளிக்கெழம. வேலப்பன்சாவடில நின்னு, ஆரத்தி எடுத்து, போட்டோ புடிச்சி, மதுரவாயல் தாண்டி... பொண்ணுக்கு டாட்டா காட்டத்தான் போவீங்க. அதுவும் மேல பாத்து.”

“இப்ப எடுத்தா?”

“தாராளமா போலாம்.”

“எடு.”

ஜீவா தெருமுனையை எட்டிப் பார்த்தான். அங்கே செங்கல்வராயன் யாரையோ உயரம் பார்த்துப் பின்வரிசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். “புக் பண்ணது தலைவரு. நாளைக்கி எனக்கு டிரிப்பு குடுக்க மாட்டாரு. ஆனா புக்கிங்குல ஏர்போர்ட்டுன்னுதான் எழுதிக்கீது, ஃபிளெக்ஸு முன்னாடி நிக்கறதுன்னு எழுதல. ஏறுக்கா.”

இரண்டு பெட்டியையும் அவனே தூக்கி உள்ளே தள்ளினான். பின்பக்கச் சந்தில் வண்டியை விட்டு, தெருவை விட்டு வெளியே வந்தபோது நாகவல்லியின் செல்போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. பதினான்கு சீட் வேனில் இரண்டு பேர். மற்ற பன்னிரண்டு சீட்டிலும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், செங்கல்வராயன் படம் ஒட்டியது, காத்துக்கொண்டிருந்தது.

“ம்மா, என் மேல கோவமா?” என்றாள் சுவேதா.

“ஒன் மேல அப்புறம். இப்ப அதுக்கு நேரமில்ல.”

சுவேதா மெதுவாகச் சொன்னாள். “ஜெர்மன்ல ராகு காலத்துக்கு வார்த்தையே இல்லம்மா.”

“அதான் அவங்க நேரத்துக்கு டூட்டிக்கு வர்றாங்க” என்றாள் நாகவல்லி. சிரிக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு வேலப்பன்சாவடி. இரண்டு மாடி வீடு, வாசலில் சிமென்டில் செய்த இரண்டு சிங்கம். ஒன்றுக்கு மூக்கு உதிர்ந்திருந்தது. கடையில் விற்கிற சிமென்ட்டாலேயே செய்தது. ராணி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்து, வேனில் கணவன் இல்லாததைக் கண்டு தட்டை இறக்கினாள்.

“எங்க உங்கண்ணன்?”

“போட்டோ புடிக்கிறாரு. அண்ணி, பாஸ்போர்ட்டு வேணும். இப்பவே வேணும்.”

“சாவி அவரு இடுப்புல கீதே, வல்லி.”

“தெரியும்.”

பூஜை அறைக் கதவு தேக்கு. கதவு முழுக்கச் சின்னச் சின்ன மணிகள். உள்ளங்கையளவு பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது. திண்டுக்கல்லில் சொல்லிச் செய்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் செங்கல்வராயன் தட்டிக் காட்டுவார். நாகவல்லி பூட்டைப் பார்க்கவில்லை. பூட்டு மாட்டியிருந்த கொண்டியைப் பார்த்தாள். தகட்டிலேயே இருபத்திரண்டு வருடம் கழித்தவள். காகிதம் மாதிரித் தகடு, நாலு சின்ன ஸ்க்ரூ, அதிலும் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“ஜீவா, வீல் கழட்டற லீவர் எடுத்துகினு வா.”

ராணிக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். “முப்பது வருஷமா அவரு நேரம் பாத்துத்தான் நான் எங்கம்மா ஊட்டுக்கே போறேன். எங்கம்மா செத்த அன்னிக்கி எமகண்டம்னு ஒண்ணரை மணி நேரம் நிறுத்தி வெச்சாரு.” ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். “நான் அடுப்படில கீறேன். எனக்கு ஒண்ணும் கேக்கல.”

மூன்றாவது நெம்பில் கொண்டி கையோடு வந்தது. திண்டுக்கல் பூட்டு சேதமில்லாமல் அதிலேயே தொங்கியது. கதவு திறந்ததும் அத்தனை மணியும் குலுங்கின.

உள்ளே வெள்ளித் தட்டு. தட்டில் வெற்றிலை, வெற்றிலைமேல் பாஸ்போர்ட். அட்டையில் சந்தனப் பொட்டு. அதற்குமேல் ஒரு எலுமிச்சைப்பழம். எலுமிச்சைக்குப் பக்கத்தில் பாதித் தேங்காயளவு ஒரு கட்டி வெல்லம். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள், அவ்வளவுதான். ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு ஒரு துண்டு போதாது என்று செங்கல்வராயன் கருதியிருக்க வேண்டும். இரவெல்லாம் புழுக்கத்தில் வெல்லம் கசிந்து பாஸ்போர்ட்டின் ஓரமாக வழிந்திருந்தது. அதைச் சுற்றி எறும்பு. சுவரிலிருந்து தட்டுவரை வரிசை பிடித்து வந்திருந்தன. அந்த வீட்டில் ராகு காலம் பார்க்காமல் வேலை செய்தது அவை மட்டும்தான்.

“ஐயோ, விசா பக்கம்!” சுவேதா பாஸ்போர்ட்டை எடுத்து உதறினாள். கடைசித் தாள்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுப்படியில் ஒன்றும் கேட்காமல் இருந்த ராணி, ஈரத்துணியோடு ஓடிவந்தாள். நர்ஸ் படித்த விரல்கள், காயத்தில் ஒட்டிய பஞ்சைப் பிரிப்பதுபோல மெதுவாகப் பிரித்தன. தாள் கிழியவில்லை. விசா நடுவில் இருந்தது, சுத்தமாக, ஒரே ஒரு எறும்போடு.

நாகவல்லி வெல்லக் கட்டியை எடுத்தாள். சுவர் பக்கம் வீசப் போனவள், நிறுத்தி, அதிலிருந்து ஒரு நுனியைக் கிள்ளி மகள் வாயில் போட்டாள். மீதியைத் தட்டில் டொக்கென்று வைத்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வழியாகச் சுவேதா உள்ளே போனாள். அழக்கூட நேரம் இருந்தது. இரண்டு பேரும் நிதானமாக அழுதுகொண்டார்கள். ஒன்றே முக்காலுக்கு உள்ளேயிருந்து போன் வந்தது. “ம்மா, பெட்டி போட்டாச்சு, எமிக்ரேஷன் முடிஞ்சிது, கேட்டாண்ட உக்காந்துட்டேன். கவுண்டர்ல அந்தப் பொண்ணு கையில ஒரு எறும்பு ஏறிடுச்சும்மா. ஸாரின்னேன்.”

“மாமா ஊட்டு எறும்பு. நேரம் பாத்துதான் ஏறியிருக்கும்” என்றாள் நாகவல்லி. இப்போது கொஞ்சம் சிரித்தாள். பிறகு கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஆள் வரட்டும் என்று காத்திருந்தாள்.

இரண்டு ஐம்பதுக்கு ஆள் வந்தார். ஹேமநாதன் தண்ணீர் கேன் போடும் குட்டி யானை மினி லாரியின் பின்னால், காலி கேன்களுக்கு நடுவே, மாலையை நசுங்காமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார் செங்கல்வராயன். பின்னாலேயே சொர்ணம், நலச் சங்கத்தார் இரண்டு பேர், இன்னும் ஆறேழு பேர். எல்லோர் முதுகும் ஈரம். ஹேமநாதன் அவர்களை இறக்கிவிட்டு, திருவேற்காட்டில் கேன் போட வேண்டும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

“பாத்தியா? இன்னும் இருவது நிமிஷம் கீது!” கடிகாரத்தைக் காட்டினார் செங்கல்வராயன். “எங்க பொண்ணு? கூப்புடு. மாலைய போட்டு அனுப்பிடலாம்.”

வாசலில் நின்ற காவலர் எந்த விமானம் என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, “அதுக்குக் கவுண்டர் மூடி நாப்பது நிமிஷம் ஆச்சு சார். யாராவது போகணுமா?” என்றார்.

எல்லோரும் செங்கல்வராயனைப் பார்த்தார்கள். அவர் மாலையைப் பார்த்தார்.

“போவணும்னா போயிட்டா” என்றாள் நாகவல்லி. “உன் நேரத்துக்கு வந்திருந்தா, இப்ப இவரு கையப் புடிச்சி அழுதுகினு நின்னிருப்பா.”

செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார். “ராணி போன் பண்ணா. பூஜை ரூம் கொண்டிய ஒடச்சியாமே? ராகு காலத்துல?”

“ஒடச்சேன். இனிமே நல்ல கொண்டியா போடு, நாலு ஸ்க்ரூ பத்தாது.” நாகவல்லி எழுந்து நின்றாள். காலையிலிருந்து பல்லுக்குள் வைத்திருந்தது வெளியே வந்தது. “ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தெரிது உனக்கு. மேனாம்பேட்டுலேருந்து எஸ்டேட்டு எத்தினி கிலோமீட்டர், சொல்லு. அதுல இருவத்திரண்டு வருஷம் ஓடனவ நானு. அவ படிச்ச காலேஜ் உன் ஊட்டுலேருந்து ரெண்டு ஸ்டாப்பு. நாலு வருஷத்துல ஒரு நாளு வாம்மான்னு கூப்ட்டு ஒரு வாய் சோறு போட்டிருக்கியா? பேனர்ல ஒம்போது பேரு பேரு போட்ட. எம் பேரு எங்கண்ணா? விமானத்துக்குக் கூட எடம் வுட்ட, உன் தலை மேல. எனக்கு உன் காலடியில கூட எடம் இல்ல.”

“ஏய், பப்ளிக்ல...”

“பப்ளிக்லதான் பேசணும். ஊட்டுல நீ பேச வுட்டாத்தானே.”

செங்கல்வராயன் சுற்றிலும் பார்த்தார். பெரிய மனிதர்கள் செய்கிற ஒன்றைச் செய்தார்: பேச்சை மாற்றினார். “சரி, நடந்தது நடந்துச்சு. வந்ததுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாம். பொண்ணு இல்லாட்டி இன்னா, அம்மா நிக்கட்டும். வல்லி, இங்க வா, மாலைய நீ போட்டுக்கோ. பின்னாடி அந்த போர்டு தெரியணும்.”

நாகவல்லி வந்தாள். மாலையை வாங்கினாள். போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். மாலை போன பக்கம் கூட்டமும் நடந்தது. வேனின் முகப்பில், இரண்டு வைப்பரையும் தூக்கி, மாலையைப் போட்டாள். ஜீவா வெட்கப்பட்டு ஹாரன் அடித்தான்.

“ஏறுறவங்க ஏறுங்க” என்றாள்.

தண்ணீர் கேன்களோடு வந்த முதுகுகள் யோசிக்கவே இல்லை. சொர்ணம் ஜன்னல் சீட் பிடித்தாள். வந்திருந்த நலச் சங்கமும் ஏறியது. செங்கல்வராயன் முன் சீட்டுக் கதவில் கை வைத்தார்.

நாகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். “நீ எங்கண்ணா ஏறுற? மணி மூணு அடிச்சி மூணு நிமிஷம். எமகண்டம் பொறந்தாச்சு. நாலரை வரைக்கும் பிரயாணம் கூடாதே!”

அவர் கை அப்படியே நின்றது. வேனுக்குள் பத்துப் பேர். பத்துப் பேரும் காலையில் அவர் வாயால் கேட்டவர்கள். சொர்ணம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மெய்யான அக்கறையோடு, “ஆமாண்ணே, வேணாம்ணே. நல்லது கெட்டது பாக்கறவங்க நீங்களே...” என்றாள்.

செங்கல்வராயன் கதவிலிருந்து கையை எடுத்தார். “நீங்க போங்க. எனக்கு இங்க கொஞ்சம் வேல கீது” என்றார்.

வேன் நகர்ந்தது. கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டே வந்தார். ஃபிளெக்ஸில் சுவேதா இருந்த அளவுக்கு. பக்கத்தில் பெட்டியோடு நின்ற யாரோ ஒருவரிடம் கையை மேற்கே நீட்டி எதையோ சொல்ல ஆரம்பித்திருந்தார்.

பைபாஸில் ஏறும்போது ஒரு விமானம் மேலே போனது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“இப்ப போனா ஜெர்மனி எத்தினி மணிக்குப் போய் சேரும், வல்லி?” என்று சொர்ணம் கேட்டாள்.

“அது பைலட்டுக்குத் தெரியும்” என்றாள் நாகவல்லி. “நாம மேனாம்பேடு போக ஒண்ணே கால் மணி நேரம் ஆவும். தெருமுனையில ரெண்டு நிமிஷம் நிறுத்து ஜீவா. அந்த பேனர் துணிய அவுக்கணும். கொல்லையில வாஷிங் மிஷின் மழ வந்தா நனையுது, அதுக்கு மேல போத்திடலாம்.”